இலையுதிர்ந்த தொட்டி மரம் பிழைக்குமா?

மாசி கழிந்து பங்குனி பிறக்கும் சமயத்தில், போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையில் செல்லுகிறவர்கள் வழி நெடுக மொட்டை மரங்களையே காண்பார்கள். வேங்கையும் கடுக்காயும் தேக்கும் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறுங் கழிகளாக நிற்கும். சமவெளியிலிருந்து முதன்முறையாக வருகிற அன்பர்கள், "காடே பட்டுப்போய்விட்டதே!" என்று அங்கலாய்ப்பதை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். மலைவாசிகளான நமது அங்கத்தினர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். கோடை மழை இரண்டு விழுந்தால் போதும். அதே கழிகளில் தளிர் வெடிக்கும் என்பது அவர்கள் அறிந்தது. ஜவ்வாது மலைக் காடு பெரும்பாலும் இலையுதிர் காடு. இலைகளே மரத்தின் நீரைச் செலவழிப்பவை. நீர்வரத்து அருகும் காலத்தில் அவற்றைக் கழித்துவிட்டு, தண்டிலும் வேரிலும் உள்ள கைமுதலைக் காத்துக்கொள்வது அக்காட்டு மரங்களின் வழக்கம். வரவு குன்றிய ஆண்டில் செலவைச் சுருக்கி மூலதனத்தில் கைவைக்காத சங்கத்தை இதற்கு ஒப்பிடலாம்.

காட்டைக் குறித்து இவ்வளவு தெளிவுள்ள நாம், நமது அலுவலக மேஜை மேலோ விற்பனைக் கூடத்திலோ வைத்துள்ள சிறு தொட்டி மரம் இலையை உதிர்த்தவுடன் அதைக் குப்பைமேட்டிற்கு அனுப்பிவிடுகிறோம். போன்சாய் என்று வழங்கும் இக்குறுமரங்கள் இப்போது பட்டணங்களில் மட்டுமன்றி, சிற்றூர்ச் சங்கங்களின் கூடங்களிலும் இடம் பெற்றுவிட்டன. திறப்பு விழாவுக்கு ஒன்று வாங்குகிறார்கள், சில மாதம் பார்க்கிறார்கள், பிறகு மறந்துவிடுகிறார்கள். அப்படி எறியப்பட்டவற்றில் உயிருள்ளவை எத்தனையோ இருந்திருக்கும் என்பது நமது துணிபு. ஒரு குறுமரத்தின் விலை அதில் அடங்கிய ஆண்டுகளின் விலையே ஆகலின், இந்த நஷ்டம் அற்பமானதன்று.

போன்சாய் என்பது ஜப்பானியச் சொல். தட்டில் நடப்பெற்றது என்பது அதன் பொருள். கலை சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்தது. இதற்கென்று குட்டை ஜாதி மரம் எதுவும் கிடையாது. ஆழமற்ற தொட்டியில் ஒரு முழ உயரத்தில் நிற்கும் புளியின் விதையை எடுத்து வரப்போரத்தில் ஊன்றினால், அது நாற்பது அடிக்கு வளர்ந்து உலுக்குவதற்கு ஆள் தேடும். வேரை வெட்டி, கிளையைக் கழித்து, கம்பி சுற்றி வளைத்து, ஆண்டுக் கணக்கில் ஒருவர் கையால் பழக்குவதே குறுமரத்தின் இரகசியம். ஜவ்வாது மலையின் பாறையிடுக்குகளில், கைப்பிடி மண்ணும் இல்லாத இடத்தில், அரை ஆள் உயரத்தில் முறுக்கேறி நிற்கும் இச்சி மரங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. அவை காற்றும் வறட்சியும் சேர்ந்து பழக்கிய போன்சாய்கள்.

ஆயினும் பாறை இச்சிக்கும் தொட்டி இச்சிக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. பாறையில் நிற்பது தன் வேரை விரிசல் வழியே பத்தடி, இருபதடி தூரம் அனுப்பி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டியில் இருப்பதற்கோ இரண்டு மூன்று படி மண்ணே உலகம். அதற்கு வேண்டியதை நாம் கொண்டுவந்து கொடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

ஆரணிப் பக்கத்தில், நமது ஆய்வுக்கு உட்பட்ட ஒரு நெசவாளர் சங்கத்தில் நிகழ்ந்ததை இங்கே எடுத்துரைப்பது பயன்படும். சங்கத்தின் பெயர் வேண்டாம்; காரியதரிசி நமது நண்பர். மலைமேலுள்ள ஒரு விவசாயி தம் கிணற்றுச் சுவரில் முளைத்த இச்சிக் கன்றை எடுத்துப் பன்னிரண்டு ஆண்டு வளர்த்திருந்தார். சங்கம் தனது விற்பனைக் கூடத்தைப் புதுப்பித்தபோது அதை விலைக்கு வாங்கி, பட்டுச் சேலை அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக வைத்தது. தளவாடப் பதிவேட்டில் நாற்காலிகளுக்கும் மின்விசிறிகளுக்கும் அடுத்தபடியாக, 'அழகு மரம், 1' என்று முறைப்படி ஏற்றப்பட்டது.

முதல் ஆறு மாதம் மரம் நன்றாகவே இருந்தது. பிறகு கூடத்திற்குக் குளிர்சாதனம் வந்தது. அதன் வறண்ட காற்று நேரே மரத்தின்மீது வீசிற்று. இலைகள் சில மஞ்சளாயின. அப்போதும் ஒருவரும் கவனிக்கவில்லை. ஆடித் தள்ளுபடி விற்பனைக்கு இடம் போதாமையால், மரம் பின்கட்டுக் கிடங்கிற்கு மாற்றப்பட்டது. அங்கே ஜன்னல் இல்லை. காவலர் விடுவார் என்று துப்புரவுப் பணி செய்யும் அம்மாளும், அம்மாள் விடுவார் என்று காவலரும் இருந்ததில் பல நாள் ஒருவரும் நீர் விடவில்லை. தலைவர் பார்வையிட வருகிறார் என்று தெரிந்த அன்று மூன்று பேர் தனித்தனியே ஒவ்வொரு செம்பு நீரை ஊற்றினார்கள். ஆடி முடிவதற்குள் ஓர் இலை பாக்கியில்லாமல் தரையில் கிடந்தது.

நாம் ஆய்வுக்குச் சென்றபோது, 'மேற்படி மரம் பட்டுவிட்டபடியால் பதிவேட்டிலிருந்து நீக்கித் தள்ளுபடி செய்யலாம்' என்ற தீர்மான நகல் தயாராக இருந்தது. தலைவரின் கையொப்பம் ஒன்றே குறை. பட்டுவிட்டது என்பதற்கு ஆதாரம் என்னவென்று கேட்டோம்.

"ஒரு இலைகூட இல்லையே, சார்!" என்றார் காரியதரிசி.

"அப்படியானால் பங்குனி மாதத்தில் ஜவ்வாது மலை முழுவதையும் அல்லவா தள்ளுபடி செய்ய வேண்டும்?" என்றோம்.

மரத்தின் உயிரை அறிய அதன் பட்டையைக் கேட்க வேண்டும். கட்டைவிரல் நகத்தால், ஒரு கொத்தமல்லி விதை அளவுக்குப் பட்டையின் மேல்தோலை மெல்லச் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சையும் ஈரமும் தென்பட்டால் அவ்விடத்தில் உயிர் உண்டு. பழுப்பாகவும் வறண்டும் இருந்தால் அவ்விடம் போய்விட்டது. நுனிக் கிளையில் தொடங்கி, விரற்கடை விரற்கடையாகக் கீழே இறங்கி, அடிமரம் வரை இச்சோதனையைச் செய்ய வேண்டும். நுனி செத்திருப்பதைக் கண்டு உடனே கைகழுவிவிடுகிறவர்களே மிகுதி. இச்சி, ஆல், அரசு முதலியவற்றில் இன்னும் ஒரு வசதி உண்டு. உயிருள்ள இடத்தில் கீறல் பட்டால் பால் கசியும். சங்கத்து மரத்தில் நுனிகள் அனைத்தும் சுள்ளியாகியிருந்தன. இடப்பக்கத்துக் கிளைகள் இரண்டும் அடிவரை வறண்டிருந்தன. ஆனால் அடிமரத்தில், மண்ணுக்கு நாலு விரல் மேலே, நகம் பட்ட இடத்தில் கடுகளவு வெண்பால் துளிர்த்தது. காரியதரிசி தீர்மான நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் சாமை மூட்டைகளுடன் இறங்கிய மலை விவசாயிக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து மரத்தைப் பார்த்தார். மரத்தைவிடக் கிடங்குத் தரையில் பெருக்காமல் கிடந்த சருகுகளையே அதிக நேரம் பார்த்தார்.

"இலையைத் தானாக் கீழே போட்ட கிளை சாகலீங்க, ஐயா. இலையைப் பிடிச்சுக்கிட்டே காய்ஞ்சுபோற கிளைதான் செத்த கிளை" என்றார்.

இச்சொல்லில் தாவர நூலின் ஓர் அத்தியாயம் அடங்கியிருக்கிறது. இலை உதிர்வது இலை வாடுவதன் விளைவு என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. இலைக்காம்பு கிளையைச் சேரும் இடத்தில் மரம் தானே ஒரு மெல்லிய பிரிபடலத்தை உண்டாக்குகிறது. அவ்விடத்து உயிரணுக்கள் ஒன்றையொன்று விட்டுவிலகும்படி செய்து, காயத்தின் வாயையும் அடைத்துக்கொண்டு, பின்னரே இலையைக் கைவிடுகிறது. இது உயிருள்ள கிளையால் மட்டுமே செய்யக்கூடிய வேலை. திடீரென இறந்த கிளைக்கு அவ்வேலையைச் செய்ய அவகாசம் இருப்பதில்லை; ஆகவே அதன் இலைகள் கருகிச் சுருண்டு, உதிராமல் தொங்குகின்றன. வேலியில் வெட்டிச் செருகிய தழைக்கொம்பில் காய்ந்த இலை வாரக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனாலேயே. ஆகையால் மொட்டையாய் நிற்கும் தொட்டி மரத்தைக் கண்டால், கிளையை மட்டும் பாராமல் தரையையும் பார்க்க வேண்டும்.

எல்லா மரத்திற்கும் இவ்விதி ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பட்டணத்துக் கடைகளில் ஜூனிப்பர் என்னும் ஊசியிலை மரம் போன்சாயாக விற்கப்படுகிறது. அது இறந்து வாரக்கணக்கான பின்பும் பச்சையாகவே இருக்கும்; வாங்கியவர் நீர் விட்டுக்கொண்டேயிருப்பார். குளிர்நாட்டு மரமாகிய அது வீட்டுக்குள் வாழவே வாழாது. அதை நமது ஊர் அறைகளில் வைக்கும்படி விற்பது நேர்மையான வியாபாரமென்று நாம் கருதவில்லை. மற்றொரு புறம், தொட்டிப் புளியை வாங்கியவர்கள் மாலையில் இலை கூம்புவதைக் கண்டு பயந்து நீரை ஊற்றிவிடுகிறார்கள். புளியிலை இரவில் கூம்பிக் காலையில் விரிவது அதன் உறக்கம். அதற்கு மருந்து வேண்டுவதில்லை. சந்தனம் மலைக்கு உரியதாயிற்றே, அதைத் தொட்டியில் பழக்கலாமா என்று கேட்போர் உண்டு. சந்தனத்தின் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்வது. நாற்றங்காலிலேயே அதற்குத் துணையாகத் துவரை போன்றதொரு செடியை உடன் விதைப்பார்கள். தனித்தொட்டியில் அது நாளடைவில் நலிந்துபோகும்.

சங்கத்து இச்சிக்குத் திரும்புவோம். மலை விவசாயி தொட்டியைச் சாய்த்து, மரத்தை மண்ணோடு மெல்ல வெளியே எடுத்தார். அழகுக்காகத் தொட்டியின் கீழே வைத்திருந்த பீங்கான் தட்டில் நீர் தேங்கி, அடிமண் சேறாகி நாறிக்கொண்டிருந்தது. நடுமண்ணோ, வாரக்கணக்கில் காய்ந்து கட்டி தட்டி, தொட்டியின் சுவரைவிட்டு விலகியிருந்தது. மூன்று செம்பு நீரும் அந்த இடைவெளி வழியாகச் சுவரோரமாக இறங்கித் தட்டில் சேர்ந்ததேயன்றி, நடுவேருக்கு ஒரு சொட்டும் எட்டவில்லை. மேலே வறட்சியும் கீழே அழுகலுமாக ஒரே தொட்டியில் இரண்டு பஞ்சங்கள்! நாள்தோறும் ஒரு குவளை நீர் விடுவதாகப் பெருமை பேசும் அலுவலகங்களில் இந்நிலை அடிக்கடி காணப்படுவது.

நல்ல வேர் விறைப்பாகவும் நுனியில் வெளுத்தும் இருக்கும். அழுகிய வேர் கறுத்து, விரலால் இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும், நாற்றமும் வீசும். அவர் கறுத்த வேர்களைச் சுத்தமான கத்திரிக்கோலால் நல்ல இடம் வரை கழித்தார். மொத்த வேரில் மூன்றிலொரு பங்கு போயிற்று. பழைய மெருகுத் தொட்டியை ஒதுக்கிவிட்டு, அடியில் அகலமான துளையுள்ள சாதாரண மண்தொட்டியை எடுத்துக்கொண்டார். பட்டாணி அளவுக்கு உடைத்துத் தூசியைச் சலித்த செங்கற்பொடி இரண்டு பங்கு, ஆற்றுப் பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய இலைமண் ஒரு பங்கு ஆகியவற்றைக் கலந்து இட்டார். வயல் களிமண்ணைத் தொட்டியில் நிரப்புவதே பலர் செய்யும் பிழை. வயலில் மண்புழுவும் ஏரும் செய்கிற வேலையைத் தொட்டியில் செய்வாரில்லை. களிமண் அங்கே இறுகிக் காற்றை அடைத்துவிடும். வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை.

வேர் அழுகாமல் வெறும் வறட்சியால் இலை உதிர்ந்த மரமாயின் மண்ணை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. மாற்றுவது கெடுதலும் ஆகும். நோயாளியை ஊர் மாற்றுவதில்லை அல்லவா? தொட்டியோடு ஒரு வாளி நீரில், மண்மட்டம் மூழ்கும்படி இறக்கி வைத்து, குமிழிகள் எழுவது நிற்கும் வரை விட்டு, எடுத்து வடிய வைத்தால் போதும். கட்டி தட்டிய மண் அப்போதுதான் நடுவரை நனையும்.

இதன் பிறகு செய்ய வேண்டியதைவிடச் செய்யக்கூடாதவையே அதிகம். இலையில்லாத மரம் நீரைக் குடிப்பதில்லை என்றே கூறலாம். இழுப்பதற்கு மேலே இலை இல்லை. ஆகவே பழைய கணக்கில் நீர் விட்டால் மறுபடி அழுகும். ஈர்க்குச்சி ஒன்றை மண்ணில் ஒரு விரல் ஆழம் செருகி, சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சி ஈரமாக வந்தால் அன்று நீர் வேண்டாம். உலர்ந்து வந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஒரே முறையாக விட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். வேர் குறைந்துபோன மரம் காற்றின் ஈரத்தால் பிழைக்க வேண்டியிருப்பதால், நாலைந்து துளையிட்ட பாலிதீன் உறையைக் கூடாரம்போல் அதன்மேல் கவிக்கலாம். வெயில் நேரே படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள தாழ்வாரமே தக்க இடம். இருட்டறையில் கிடந்ததற்கு ஈடு செய்வதாக நினைத்து உச்சி வெயிலில் கொண்டுபோய் வைப்பவர்கள், மிஞ்சியிருக்கும் பட்டையையும் வெந்துபோகச் செய்கிறார்கள். இச்சி வகைகளுக்கு 20 முதல் 30 டிகிரி சென்டிகிரேடு வரையுள்ள வெப்பம் ஏற்றது.

காரியதரிசிக்கு யூரியா போட வேண்டுமென்ற ஆவல் இருந்தது. "கொஞ்சமாகப் போட்டால் என்ன?" என்று இருமுறை கேட்டார். மாவடுவுக்கு உப்பிட்டால் காயிலுள்ள நீர் வெளியே வருவதை வீட்டில் பார்த்திருக்கிறீர்களா என்று மலை விவசாயி கேட்டார். உரமும் உப்பே. நலிந்த வேரைச் சூழ்ந்து உப்பு மிகுந்தால், மண்ணிலிருந்து வேர் நீரை எடுப்பதற்கு மாறாக, வேரிலிருந்து மண் நீரை எடுத்துக்கொள்ளும். புது இலை தோன்றி, அது கரும்பச்சையாகித் தடிக்கும் வரை உரத்தைப் பற்றிய பேச்சே கூடாது.

காய்ந்த சுள்ளிகளைப் பச்சை தென்படும் இடத்திற்குச் சற்று மேலே வெட்டிவிடலாம். ஐயமுள்ள கிளைகளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். நமது நெசவாளர்கள் இதைச் சொல்லாமலே அறிவார்கள். இழைகள் அறுந்த பாவை அவசரப்பட்டு இழுத்தால் நல்ல இழையும் போய்விடும். அறுந்ததை ஒவ்வொன்றாகத் தேடி முடிச்சிடும் பொறுமை உள்ளவருக்கே அந்தச் சேலை மிஞ்சும். சங்கத்திலும் அப்படியே, முதியவரான ஒரு பட்டு நெசவாளர்தான் தறியைவிட்டு எழும்போதெல்லாம் தாழ்வாரத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார். இளைஞர்கள் இரண்டாம் வாரமே ஆசையை விட்டுவிட்டார்கள்.

நான்கு வாரம் ஒன்றும் நிகழவில்லை. ஐந்தாம் வாரத்தில், அடிமரத்தின் வலப்பக்கத்தில், குண்டூசித் தலையளவில் ஒரு முளை தோன்றியது. அடுத்த பத்து நாளில் அவ்வாறு ஏழு முளைகள். ஆனால் இடப்பக்கத்துக் கிளைகள் இரண்டும் திரும்பவே இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இருபுறமும் ஒத்துக் குடைபோல் வளர்க்கப்பட்ட மரம், இப்போது புயற்காற்றில் ஒருபுறம் சாய்ந்ததுபோல் நிற்கிறது. அந்த வடிவம் இனி அதற்குக் கிடைக்காது. வளர்த்தவர் அதைச் சற்று நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். உயிர் மீண்டது என்று நாம் மகிழ்ந்தாலும், அவருடைய வேலையில் பாதி அழிந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

நிர்வாகக் குழு தள்ளுபடித் தீர்மானத்தைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக, மரத்திற்கு நீர் விடும் பொறுப்பு முழுவதும் துப்புரவுப் பணி செய்யும் அம்மாளுடையது, அதற்காக அவருக்குச் சிறு மாதப்படி வழங்கலாம், வேறு ஒருவரும் நீர் ஊற்றலாகாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நாற்காலிக்கு ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்கிறோமே, வளர்கிற பொருளுக்கு என்ன கழிப்பது என்று கணக்கர் கேட்டார். அக்கேள்வியை அடுத்த தணிக்கைக்கு ஒத்திவைத்தோம்.

ஆல இனத்து மரங்களின் உயிர்ப்பிடிப்பு சிறு தொட்டியில் மட்டும் காணப்படுவதன்று. தெலுங்கானாவில் மகபூப்நகர் அருகே பிள்ளலமர்ரி என்ற பெயருடைய பேராலமரம் சுமார் மூன்று ஏக்கரில் பரந்து நிற்பது. கரையான் அரித்து, 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் பெருங்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. 2018-இல் அதிகாரிகள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுவதுபோல, பூச்சிமருந்து கலந்த நீரை நூற்றுக்கணக்கான பாட்டில்களில் நிரப்பிக் கிளைகளில் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக உடலில் ஏற்றினார்கள். தளர்ந்த கிளைகளுக்கு முட்டுக் கொடுத்தார்கள். விழுதுகளைக் குழாய்க்குள் விட்டு, மண்ணும் எருவும் இட்டு நிலத்தில் ஊன்றச் செய்தார்கள். கல்கத்தாவுக்கு எதிர்க்கரையிலுள்ள சிப்பூர் தாவரத் தோட்டத்து ஆலின் நடுமரம் பூஞ்சை நோயால் கெட்டு, 1925-இல் அகற்றப்பட்டது; விழுதுகளைக் கொண்டே அம்மரம் இன்றும் வாழ்கிறது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989-இல் புயற்காற்றில் சாய்ந்தது. அதையும் விழுதுகளே காக்கின்றன.

மலைமேலுள்ள நமது அங்கத்தினர்களுக்கு இதில் ஒரு வருவாய் வழியும் உண்டென்று நாம் நம்புகிறோம். ஜப்பானில் 1923-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்தால் தோக்கியோவில் தொழில் செய்ய இயலாமற்போன குறுமர வளர்ப்போர் சிலர், நல்ல மண்ணும் நீரும் தேடிச் சென்று, 1925-இல் ஓமியா என்ற இடத்தில் குடியேறினார்கள். தமக்குள் கட்டுப்பாடுகளையும் வகுத்துக்கொண்டார்கள். அங்கே குடியிருப்பவர் பத்துக் குறுமரமேனும் வைத்திருக்க வேண்டும். தோட்டத்தின் கதவை எவருக்கும் திறந்துவைக்க வேண்டும். வெயிலை மறைக்கும் மாடிவீடு கட்டலாகாது. மதிலுக்குப் பதில் உயிர்வேலி போட வேண்டும். கூட்டுறவுச் சட்டம் எதையும் படியாமலே அவர்கள் கண்ட கூட்டுறவு இது. ஒரு குறுமரம் எத்தனை கைமாறி வாழக்கூடும் என்பதற்கும் ஜப்பான் மரம் ஒன்றே சாட்சி. ஹிரோஷிமாவில் யமாகி என்னும் குடும்பத்தார் வளர்த்த வெள்ளைப் பைன் மரம் 1625-லிருந்து தொட்டியில் பழக்கப்பட்டு வருவது. 1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி அணுகுண்டு விழுந்த இடத்திற்குச் சுமார் மூன்று கிலோமீட்டர் தொலைவில், தோட்டச் சுவரின் மறைவில் நின்று அது தப்பியது. 1976-இல் அதை அமெரிக்காவுக்கே பரிசாக அளித்தார்கள். வாஷிங்டனிலுள்ள காட்சிசாலையில் அது இருக்கிறது. குண்டுக்குத் தப்பிய மரம் அது என்ற செய்தி, 2001-இல் அக்குடும்பத்துப் பேரன்மார் வந்து கூறும்வரை அங்கே தெரியாது.

இத்தொழிலை விரும்புவோர் முதலிலேயே ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பாறையில் நிற்கும் அழகிய இச்சியைப் பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தால் பன்னிரண்டு ஆண்டு உழைப்பு மிச்சமாகுமே என்ற எண்ணம் எவருக்கும் எழும். ஒதுக்குக் காட்டிலிருந்து மரத்தைப் பெயர்ப்பது வனச் சட்டப்படி குற்றம்; அப்படிப் பெயர்த்தவை பெரும்பாலும் பிழைப்பதுமில்லை, அவற்றின் நல்ல வேரெல்லாம் பாறைக்குள்ளேயே தங்கிவிடுவதால். கிணற்றுச் சுவரிலும் பழைய வீட்டுக் கூரையோரத்திலும் பறவை எச்சத்தால் முளைத்து, எப்படியும் பிடுங்கி எறிய வேண்டிய இச்சி, அரசுக் கன்றுகள் ஊர்தோறும் உள்ளன. புளியை விதையிலிருந்தே தொடங்கலாம்.

விற்கும் சங்கம் தொட்டியோடு ஒரு துண்டுச் சீட்டையும் கொடுப்பது நல்லது. என்ன மரம், எப்போது நட்டது, எந்த மாதத்தில் இயல்பாக இலை உதிர்க்கும், நீர் விடுவது எப்படி என்பவை அதில் இருந்தால் போதும். இலை உதிரும் மாதம் எழுதப்பட்டிருந்தால் பாதி மரங்கள் குப்பைமேட்டிற்குத் தப்பும். வாங்கியவர் நலிந்த மரத்தை ஒரு மாதத்திற்குள் திருப்பிக் கொண்டுவந்தால், சிறு கட்டணத்திற்குத் தேற்றித் தரும் ஏற்பாடும் செய்யலாம். மலைக்காற்றில் தேறுவது பட்டணத்துக் கூடத்தில் தேறுவதைவிட எளிது.

அடிவரை சுரண்டியும் பச்சை தென்படாத, வேரெல்லாம் கறுத்துவிட்ட மரத்துக்கு மேற்கூறியவற்றால் பயனில்லை. ஐயமிருந்தால் அடுத்த கோடை மழை முடியும்வரை தாழ்வாரத்தில் விட்டுவைத்து, அதன் பின் தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து வேறு கன்றுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். பிழைத்த மரத்திற்கு மண் மாற்றவும் வேர் திருத்தவும் ஜவ்வாது மலையில் ஏற்ற காலம், கோடை மழை விழுந்து காட்டு மரங்கள் தளிர் விடும் அந்த இரண்டு மூன்று வாரங்களே. முதல் இலைகள் தடித்த பிறகு, கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து நீர்க்க விளாவித் தெளியவைத்த நீரை, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மண் ஈரமாயிருக்கும்போது விடலாம்.